பெயரில்லாத மாத்திரை

விழுங்கிய பிறகுதான் கேப்டன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

பெயர் இல்லை. மருந்துக் கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டு அது. பெயர் இருந்த பகுதி கடையிலேயே தங்கிவிட்டது. ஓரத்தில் ஏதோ ஓர் எழுத்தின் வால் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

மணி பிற்பகல் ஒன்றே கால். இரவு எட்டு மணிக்கு அவர் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நூற்றெண்பது பயணிகள். அதற்குள் நாலு மணி நேரமாவது தூங்கியாக வேண்டும் என்று படுத்தவரைத் தலைவலி எழுப்பிவிட்டது. மனைவியின் டிராயரில் வெள்ளையாய், வட்டமாய் இரண்டு மாத்திரைகள் கிடந்தன. அவளுக்கு அடிக்கடி தலை வலிக்கும். வேறென்னவாக இருக்கப்போகிறது என்று ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

இருபத்தாறு வருட சர்வீஸில், இரண்டு முறை சரிபார்க்காமல் ஒரு சுவிட்சைக்கூடத் தொடாத மனிதர்.

பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் மனைவிக்கு உடனே போன் போட்டார்.

"ஏம்மா, டிராயர்ல வெள்ளையா ஒரு மாத்திரை இருக்கே, தலைவலிக்குத்தானே?"

"ஐயோ! போட்டுட்டீங்களா?"

"ஒண்ணுதான்."

"ஏங்க, அது தூக்க மாத்திரைங்க! நீங்க ராத்திரி ஃப்ளைட் ஓட்டணுமே!"

"தூக்க மாத்திரையா? டாக்டர் சீட்டு குடுத்தாரா?"

"சீட்டெல்லாம் வேண்டாம். கடையில கேட்டாலே குடுப்பாங்க."

"உனக்கு எதுக்கு அது?"

மறுமுனையில் இரைச்சல் போட்ட பிள்ளைகளை அதட்டிவிட்டுத்தான் அவள் பதில் சொன்னாள்.

"சில நாள் ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு பல வருஷம். பெல் அடிச்சிட்டாங்க, வைக்கிறேன்."

கேப்டன் கட்டிலில் உட்கார்ந்தார். கட்டிலின் நட்டநடுவில் அவளுடைய தலையணை. ஓரத்தில் கிடந்த அவருடையதை நேற்று அலமாரியின் மேல்தட்டிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தாள். எதிர்ச் சுவரில் மூன்று சுவிட்சுகள். ஃபேனுக்கு எது என்று தெரியாமல் காலையில் மூன்றையும் தட்டிப் பார்த்தவர் அவர். எந்த ஊர் ஓட்டலிலும் இருட்டில் கையை நீட்டினால் விளக்கு எரியும். சொந்த வீட்டில்தான் தடவ வேண்டியிருந்தது.

மாதத்தில் ஐந்து ராத்திரி வீடு. மற்றதெல்லாம் ஓட்டல். அங்கே தூக்கம் வராமல் விட்டத்தைப் பார்த்துக் கிடந்தபோதெல்லாம், அவளாவது நிம்மதியாகத் தூங்குகிறாள் என்று நினைத்திருந்தாரே!

'நான் இல்லாம தூங்க முடியாம மாத்திரை போட்டிருக்கா. ஒரு வார்த்தை சொல்லலையே!'

எதிர்ச் சுவர் சுவிட்சுகள் மங்கலாகத் தெரிந்தன. அது மாத்திரையின் வேலையா என்று தெரியவில்லை.

கம்பெனி டாக்டரைக் கூப்பிட்டார்.

"டாக்டர், என் நண்பர் ஒருத்தர், அவரும் பைலட்தான், தெரியாம ஒரு தூக்க மாத்திரை போட்டுட்டாராம்..."

"உங்க நண்பருக்கும் இன்னிக்கு எட்டு மணிக்குத்தான் டூட்டியா கேப்டன்?"

கேப்டன் கொட்டாவி விட்டார்.

"நண்பர் கொட்டாவி விடுறது கேக்குது," என்றார் டாக்டர். "அறுபது மணி நேரத்துக்கு விமானத்துப் பக்கமே போகக்கூடாது. மாத்திரை பேர் என்ன?"

"பேரை வெட்டிட்டாங்க."

"பேர் தெரியாத மாத்திரையைப் போட்டீங்களா! பேர் தெரியுற வரைக்கும் அறுபதுன்னுகூட என்னால சொல்ல முடியாது. ஆமா, தூக்கம் வரலையா உங்களுக்கு?"

அது மனைவியின் மாத்திரை என்று சொல்லியிருக்கலாம். அவள் வேதனையைக் கம்பெனி ஃபைலில் ஏற்ற அவருக்கு மனசு வரவில்லை.

"ஆமா டாக்டர். எனக்குத்தான்."

"அப்ப தூக்கப் பரிசோதனை முடியுற வரைக்கும் பறக்க முடியாது. ஒரு மாசம் ஆகும்."

இரண்டரை நாள் ஒரு மாதமாயிற்று.

அடுத்து, யாருக்கு எந்த விமானம் என்று பட்டியல் போடும் ரோஸ்டர் ஆபீஸ். விஷயத்தைக் கேட்டதும் போனை எடுத்த பெண் அலறினாள்.

"கேப்டன், உங்களுக்குப் பதிலா யாரு? ஸ்டாண்ட்பைல இருந்தவருக்கு லீவு குடுக்கச் சொல்லி நேத்து சிபாரிசு பண்ணினதே நீங்கதானே!"

"மாமனார் வீட்டு விசேஷம்னு கெஞ்சினாரேம்மா..."

"வேற ஊர்லேர்ந்து ஆளை வரவழைக்கணும். ஃப்ளைட் நாலு மணி நேரம் லேட். பயணிங்க எங்களைத்தான் திட்டுவாங்க!"

கண் இமைகள் கனத்தன. ஆனால் மனம் விசித்திரமாய்த் தெளிந்திருந்தது. எதற்காக இத்தனை ஓட்டம்?

"ஏம்மா, டிரெயினிங் சென்டர்ல பாடம் நடத்தக் கூப்பிட்டுட்டே இருந்தாங்களே, அந்த வேலை இன்னும் காலியா இருக்கா?"

"காலியாத்தான் இருக்கு. ஆனா அது தரை வேலை கேப்டன். ஒன்பதுலேர்ந்து அஞ்சு. அப்புறம் திரும்பப் பறக்க விட மாட்டாங்க. ரெண்டு வருஷமா மாட்டேன்னு சொன்னீங்களே?"

"இப்ப சம்மதம்."

"நிஜமாவா? வார்த்தை மாற மாட்டீங்களே?"

ஐந்தாவது நிமிடம் மெயில் வந்தது. ஆறாவது நிமிடம் கொட்டாவியோடு கையெழுத்துப் போட்டு அனுப்பினார். வானம் கை விட்டுப் போயிற்று. சட்டை நுனியால் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் கேட்ட பெயர் பாக்கியிருந்தது. அட்டைத் துண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கேட்டில் வாட்ச்மேன் மறித்தார்.

"சார், உள்ள வரும்போது நோட்டுல எழுதலையே? யார் வீட்டுக்கு வந்தீங்க?"

"என் வீட்டுக்குத்தான்யா. மூணாவது மாடி டீச்சரோட வீட்டுக்காரர்."

"அட! நீங்க வெளிநாட்டுலயே செட்டில் ஆயிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்!"

"இனிமே தினமும் பார்ப்பே," என்றார் கேப்டன். சொல்லும்போதே இனித்தது. சாயங்காலம் அவள் வந்ததும் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தபடியே நடந்தார்.

தெருமுனை மருந்துக் கடைக்காரர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் சிரித்தார்.

"டீச்சர் மேடம் வாங்குறதாச்சே! அப்ப நீங்கதான் பைலட் சாரா?" ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுத்தார். "முழு அட்டையா வாங்கவே மாட்டாங்க சார். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணித்தான் வெட்டி வாங்குவாங்க."

பாவம், ஒவ்வொரு ராத்திரியையும் எண்ணியிருக்கிறாள்! கேப்டன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இனிமே அவளுக்கு இது தேவைப்படாது. நான் பறக்கிறதை விட்டுட்டேன். இனிமே தினம் ராத்திரி வீட்லதான்."

கடைக்காரரின் முகம் மாறியது. கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, பின்னாலிருந்த அலமாரியிலிருந்து ஒரு முழு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"தினமுமா? அப்ப டப்பாவாவே எடுத்துட்டுப் போங்க சார்... நீங்க வீட்ல தங்குற ராத்திரிக்கு மட்டும்தானே மேடம் இதைப் போட்டுக்குறாங்க, உங்க குறட்டை தாங்க முடியலைன்னு!"