லினக்ஸில் சேர்த்த புறம்போக்கு

அனுமந்தன்பட்டி,
புதன்கிழமை.

அன்புள்ள மருமகன் பாண்டீஸ்வரனுக்கு மாமா பால்பாண்டி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அத்தை தேவயானியும் நலம். பெங்களூரில் நீயும் நலமாகத்தான் இருப்பாய். உனக்கென்ன கேடு, செத்துக் கிடப்பது என் கம்ப்யூட்டர்தானே! ஒன்பது தடவை போன் போட்டும் நீ எடுக்காததால் பேனாவைப் பிடித்துவிட்டேன்.

குலசாமி கோயில் சிவராத்திரிக் கும்பிட்டில் எந்த வகையறாவுக்கு முதல் மரியாதை, எதற்கு அடுத்தது என்று பழைய பத்திரங்களையெல்லாம் போட்டோ எடுத்து, கோயில் செயலாளர் என்ற முறையில் மூன்று மாதம் மண்டையை உடைத்துப் பட்டியல் போட்டேன். அச்சாகுமுன் பங்காளி எவன் கண்ணிலாவது பட்டால் வெட்டுக்குத்துதான். நீ பங்காளி இல்லை என்பதால் உன்னை நம்பினேன். "விண்டோஸ்ல வச்சா யாரு வேணும்னாலும் தொறந்துருவாக மாமா, லினக்ஸ்ல வைங்க" என்றாய். வைத்தேன். போன வாரம் 'இடம் இல்லை' என்றது. ஒரே டிஸ்க்கில் பக்கத்து வயலாய்க் கிடக்கும் விண்டோஸைச் சுருக்கி, காலியான இடத்தை லினக்ஸோடு சேர்க்கச் சொல்லிவிட்டு, "மீட்டிங் இருக்கு மாமா" என்று போனை வைத்தாய். நாசமாய்ப் போன மீட்டிங்! சுருக்கினேன். வடக்கே காலி இடம், தெற்கே லினக்ஸ், நடுவே குட்டியாக ஒரு துண்டு. பெயர் இல்லை, அனுபவ பாத்தியதை இல்லை, திறக்கப் பார்த்தாலும் திறக்கவில்லை. இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி ஒரு துண்டு நடுவில் கிடந்தால் மனுஷன் என்ன செய்வான்? புறம்போக்கு என்று அழித்து லினக்ஸோடு சேர்த்துவிட்டேன். அந்தத் துண்டுதான் மெஷினை எழுப்பிவிடும் துண்டாம், இன்று உத்தமபாளையம் கடைக்காரன் சொல்கிறான். விண்டோஸும் எழவில்லை, லினக்ஸும் எழவில்லை. இதை முன்னமே சொன்னால் உன் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? உன் அத்தை வேறு, "வரப்ப வெட்டுறதுக்கு முன்ன யாருதுன்னு கேக்க மாட்டீகளா? இந்தப் புத்தியிலதான உங்க அண்ணன் பேச்சுவார்த்தை இல்லாமப் போனாக" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பட்டியல் சின்னமனூர் அச்சகத்துக்குப் போக வேண்டும். அதைக் கொண்டுபோக வேண்டிய ஒச்சாண்டி வந்து, "பட்டியல் எங்கன?" என்றான். மெஷினுக்குள் என்றேன். "அப்ப மெஷினோட அச்சாபீசுக்குத் தூக்கிட்டுப் போவம்" என்கிறான். அல்லிநகரத்துப் பங்காளி விஜயபாண்டி, தன் வகையறா முதலில் வந்ததால்தான் நான் வேண்டுமென்றே அழித்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறான். அவன் வகையறா பதினொன்றாவது! அதைக்கூட வெளியே சொல்ல முடியவில்லை. மானம் போகிறதடா. இந்தக் கடிதம் கண்டதும் பஸ் ஏறி வந்து அதை எழுப்பு. இல்லையென்றால் தங்கச்சி மகன் என்றுகூடப் பார்க்க மாட்டேன்.

குலசாமி உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் பொறுப்பும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத மாமா,
பால்பாண்டி

பி.கு.: கவரை ஒட்டுமுன் பூசாரி சங்கிலி வந்தார். "பட்டியல் இல்லேன்னா போகுது, இந்த வருசம் எல்லாரும் ஒண்ணா நின்னு திருநீறு வாங்கிக்கங்க" என்று பங்காளிகளிடம் சொன்னாராம். தனக்கு முன்னால் இன்னொருவன் வாங்காவிட்டால் சரி என்று பதினாலு வகையறாவும் ஒத்துக்கொண்டுவிட்டது. விஜயபாண்டி என் வீட்டில் காப்பி குடித்துவிட்டுப் போகிறான், நாலு வருடம் கழித்து. ஆகவே மருமகனே, நீ அவசியம் வா. மெஷினைத் திறந்து, எல்லார் முன்னாலும் உதட்டைப் பிதுக்கி, "ஒண்ணும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டுப் போ.