பேச்சுவார்த்தைக்கு வந்தவர்கள்

போபோடி, புனே
ஜனவரி 9, வெள்ளி

பெருமதிப்பிற்குரிய அத்தான் திரு. கிறிஸ்டோபர் அவர்களின் சமூகத்திற்கு,

போபோடியிலிருந்து மைத்துனன் சின்னதுரை தாழ்மையுடன் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் மனைவி சாந்தகுமாரியும் மகள் கீர்த்தியும் இங்கே சுகம். எனக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது. அதன் காரணம் கீழே வரும். அங்கே தாங்களும் அக்காவும் கல்யாணப் பெண் ஜான்சியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் தாங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸப்பில் அனுப்பியதெல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று கீர்த்தியிடம் கேட்டேன். "அத்தை வீட்டு மாமா உங்கள பிளாக் பண்ணிட்டாரு அப்பா" என்று சொல்லிவிட்டு ஆபீசுக்குப் போய்விட்டாள். தபாலை அப்படித் தடுக்க இன்னும் வழி வரவில்லை என்பதால் இக்கடிதம்.

ஜான்சியைப் பேசி முடிக்க மாப்பிள்ளை வீட்டார் நாசரேத்துக்கு வந்திருந்த அந்தச் சனிக்கிழமை மாலை, தங்கள் வீட்டு டிவியில் பேசியது என் குரல்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேசியது நான் அல்ல. இந்த வித்தியாசத்தைப் போனில் சொல்ல ஆரம்பித்தபோதுதான் தாங்கள் இணைப்பைத் துண்டித்தீர்கள். எனவே முதலிலிருந்து வருகிறேன், பொறுமையாகப் படிக்கவும்.

கீர்த்தி விமான் நகரில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்ப்பது தாங்கள் அறிந்ததே. வெளிநாட்டு டாக்குமெண்டரிகளை வாங்கி ஹிந்தி, மராத்தி, தமிழ் என்று குரல் மாற்றி அனுப்புகிற இடம். உலகத்தில் எங்கெங்கே சண்டை, பஞ்சம், வெள்ளம், ஆட்சிக் கவிழ்ப்பு நடக்கிறதோ அங்கெல்லாம் போய்ப் படம் எடுத்து வாரம் ஒன்றாகக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அதில் வயதானவர்களுக்குத் தமிழில் பேசிவந்தவர் சினிமாவில் வாய்ப்பு வந்து சென்னைக்கே போய்விட்டார். புனேயில் தமிழ் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை, தமிழ் எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்களுக்குத்தான் பஞ்சம். நம் கீர்த்தியே இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் தமிழ் படிப்பாள். ஆகவே என்னைக் கூப்பிட்டாள். வெடிமருந்துத் தொழிற்சாலையில் தோட்டா உறையை அளந்து முத்திரை குத்தி ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "சர்ச்ல ரீடிங் பண்றீங்கள்ல, அதே தான். மைக் மட்டும் பெருசு" என்றாள். நானும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறிப் போனேன்.

அங்கே தமிழ்ப் பகுதிக்குப் பொறுப்பு சபரி என்பவர். பிம்ப்ரியில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனிதர். எனக்கு வந்த முதல் வேடம் மழை பொய்த்த ஒரு தேசத்தில் ஆடு மேய்க்கும் பெரியவர். வசனம் இரண்டே வரி: "மழை இல்லை. ஆடுகள் போய்விட்டன." நான் எங்கள் கட்கி சர்ச்சில் எரேமியா தீர்க்கதரிசியின் புலம்பலை வாசிக்கும் குரலில் கண்ணாடி அதிரப் படித்தேன். சபரி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, ஆடுதான் செத்தது, உலகம் அழியவில்லை, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் அங்கிள் என்றார். அந்தப் பெரியவருக்கு ஆடுதானே உலகம் என்று சொல்ல வாய்வரை வந்தது. புதிதாகச் சேர்ந்தவன், சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேடம் மேல் வேடம். ஒரு வாரம் படைத் தளபதியும் நானே, அவரை எதிர்த்துக் காட்டுக்குள் போனவரும் நானே. காலையில் குண்டு போட உத்தரவிட்டுவிட்டு, கீழே போய் டீயும் வடாபாவும் சாப்பிட்டு வந்து, மத்தியானம் அதே குண்டுக்குப் பயந்து குடும்பத்தோடு ஓடினேன். இன்னொரு வாரம் ஒரு தேசத்தின் மந்திரியாக, எங்கள் நாட்டில் ஒருவர்கூடப் பட்டினியாக இல்லை என்று அறிக்கை விட்டேன். அது சனிக்கிழமை ஒளிபரப்பானது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோருக்கும் வடை கொடுத்தார்கள். கொடுத்துக்கொண்டு வந்த அம்மாள் என்னை மட்டும் தாண்டிப் போனார். கேட்டதற்கு, உங்கள் நாட்டில்தான் யாருக்கும் பசியே இல்லையே அண்ணே என்று பதில் வந்தது. அவர் விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வடை வரவில்லை.

வீட்டிலும் நிம்மதி இல்லை. அகதி முகாம் ஒன்றில் கூடாரத்துக்குள் காய்ச்சலாகப் படுத்திருக்கும் மனைவியிடம் ஒரு கிழவர், கொஞ்சம் கஞ்சி குடி, நான் இங்கேயேதான் இருக்கிறேன் என்று சொல்வார். அதற்கும் நான்தான் குரல். சாந்தகுமாரி அதைப் பார்த்துவிட்டு டிவியை அணைக்காமலே எழுந்து அடுக்களைக்குப் போனாள். போய்ப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அந்தக் கூடாரத்துக்காரிகிட்ட எம்புட்டுப் பதமா பேசுதீய. போன மழைக்கு எனக்குக் காய்ச்சல் வந்தப்ப, மாத்திரை மேசைல இருக்குன்னுதானே சொன்னிய." எழுதிக் கொடுத்ததைப் படித்தேன் என்று சொன்னேன். அப்படியானால் இனிமேல் வீட்டுக்கும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றாள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். தாங்கள் நேரில் இருந்ததைத் தங்களுக்கே சொல்வதற்கு மன்னிக்கவும். தாங்கள் மாடியில் இருந்த சமயம் பார்த்து அக்கா, சாந்தகுமாரியிடம் போனில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இது பற்றி அக்காவிடம் கேட்க வேண்டாம். மெஞ்ஞானபுரத்திலிருந்து மாப்பிள்ளையின் தகப்பனார் டேனியல் சாரும் அவர் வீட்டாரும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், அதிகம் பேசாதவர். பலகாரம் வைத்தாயிற்று. என் மச்சினன் குரல் டிவியில் வருகிறது, கேளுங்கள் என்று பெருமையோடு தாங்களே டிவியைப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெருமைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன். ஆனால் அந்த வாரம் நான் ஒரு கலகப் படைத் தலைவன். தாங்கள் ஒலியைக் கூட்டிய நேரத்துக்கு நான் சொன்னது இது: "பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வந்த வழியே திரும்பிப் போவோம் என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்."

டேனியல் சார் முறுக்கைத் தட்டில் வைத்துவிட்டாராம். தாங்கள் டிவியை அணைத்தீர்களாம். அதன் பிறகு மற்றொரு நாள் முடிவு சொல்கிறோம் என்று எழுந்து போனார்களாம். பிறகு நல்லபடியாகவே சம்மதம் சொல்லி அனுப்பினார்கள், பிப்ரவரியில் நாளும் குறித்தாயிற்று. ஆனால் அன்று அவர்கள் படியிறங்கியதும் தாங்கள் எனக்குப் போன் செய்து, "மாப்ள, நீரு கல்யாணத்துக்கு வர வேண்டாம், ஆமா" என்றீர்கள். கோபத்தில் சொன்னது என்று நினைத்தேன். அச்சடித்த அழைப்பிதழை ஜான்சி படம் எடுத்து அனுப்பியபோதுதான் தாய்மாமன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பூச்சித்திரம் இருப்பதைப் பார்த்தேன். சாந்தகுமாரி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள், பூவுக்குப் பின்னால் எங்காவது இருக்குமோ என்று. ஜான்சிக்கு முதல் கொலுசு நான் வாங்கிப் போட்டது அத்தான். அந்தக் குழந்தை மணமேடை ஏறும்போது நான் போபோடியில் உட்கார்ந்து யாருடைய வசனத்தைப் படிப்பது?

மறுநாளே சபரியிடம் போனேன். அந்த நிகழ்ச்சியை ஜனவரி இருபத்தைந்தாம் தேதி ஞாயிறு மத்தியானம் மறுபடி காட்டப் போகிறார்கள். அதற்குள் அந்த ஒரு வரியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போயிருந்தேன்: "பேச்சுவார்த்தைக்கு வருகிறவர்கள் தாராளமாக வரலாம். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்." வாயசைப்புக்கும் அளவு சரியாக இருந்தது. சபரி முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

"அங்கிள், அந்த ஆளு சும்மா மிரட்டல. போனவங்க யாரும் திரும்பி வரல" என்றார்.

எனக்கு அது தெரியாது. நான் என் வரிகளை மட்டும் படித்துவிட்டு வருகிறவன். நடந்ததை விவரிக்கும் பகுதியைப் பெண் குரலில் வேறொருவர் படிப்பார், அதைக் கேட்டதே இல்லை. வீட்டில் பார்க்கும்போதும் என் குரல் சரியாக வருகிறதா என்றுதான் காது போகுமே தவிர, கண் போகாது. சபரி ஒரு நாற்காலியைப் போட்டு முழுப் படத்தையும் முதலிலிருந்து ஓடவிட்டார். பேச்சுவார்த்தைக்குப் போனவர்களில் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். போவதற்கு முன்னால் அவர் சட்டைப் பொத்தானை அவர் மனைவி சரி செய்கிறாள், அதை ஒருவன் செல்போனில் எடுத்திருக்கிறான். அதற்கு அடுத்தாற்போல வருவது என் குரல். தரையில் வெற்றுத் தோட்டா உறைகள் கிடந்தன. பழக்க தோஷம், கண் தானாக அளவு பார்த்தது. எங்கள் தொழிற்சாலை அளவு இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதிப்பட்டது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. எழுதிக்கொண்டு போன தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். வசனம் அப்படியே இருக்கட்டும், ஆனால் இனிமேல் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று சபரியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது, இன்னும் சரியாகவில்லை. தூசி என்று சாந்தகுமாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே தங்கள் பாதங்களில் நான் வைக்கும் விண்ணப்பம் இதுதான். நடந்ததை மன்னிக்க வேண்டும். அழைப்பிதழில் பெயர் வேண்டாம்; அச்சடித்தது அச்சடித்ததாகவே இருக்கட்டும். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாய் திறக்காமல் ரயில் ஏறிவிடுகிறேன். டேனியல் சார் கண்ணில் படமாட்டேன். இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் தயவுசெய்து தங்கள் வீட்டில் டிவியைப் போட வேண்டாம். மின்சாரம் இல்லை என்று சொல்லிவிடலாம்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. ஜான்சிக்கும் வரப்போகும் மாப்பிள்ளைக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுளும், ஒருவர் பேசுவதை ஒருவர் கேட்கும் காதும் அருள்வாராக.

தங்கள் அன்பிற்குப் பாத்திரமாக விரும்பும்,
சின்னதுரை

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டும் நேரத்தில் ஒரு போன் வந்தது. டேனியல் சார். என் நம்பரை ஜான்சியிடம் வாங்கினாராம். வணக்கம்கூடச் சொல்லாமல் கேட்டார்: "சார், உங்க அத்தான் பாதியில டிவியைப் பட்டுன்னு அணைச்சுட்டாரு. பேச்சுவார்த்தைக்குப் போனவங்க என்ன ஆனாங்க? எனக்கு அன்னையிலேருந்து சோறு இறங்கல." சொன்னேன். அந்த வாத்தியாரைப் பற்றியும் சொன்னேன். பிறகு, கல்யாணத்தன்று தன் பக்கத்தில்தான் நான் உட்கார வேண்டும், நிறையப் பேச வேண்டியிருக்கிறது, தாய்மாமன் பெயர் இல்லாத அழைப்பிதழைத் தன் ஊரில் கொடுக்கத் தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்றார். வேறு அழைப்பிதழ் அடிக்கும்படி தங்களிடம் தானே சொல்வதாகவும் சொன்னார். அடுத்த வாரம் எந்த தேசம் என்று அவர் கேட்டபோது, நான் வேலையை விட்டுவிட்டேன் என்று சொல்ல நா எழவில்லை. சபரிக்குப் போன் செய்து திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டேன். மேலே கேட்டிருக்கும் மன்னிப்பைத் தாங்கள் இப்போது தர வேண்டியதில்லை. பாதியில் அணைத்ததற்குத் தாங்கள்தான் ஒருவேளை அவரிடம் கேட்க வேண்டியிருக்கும். இன்னொன்று: அவர்கள் வீட்டில் அந்தச் சேனல் வருவதில்லையாம். இருபத்தைந்தாம் தேதி முழுப் படத்தையும் பார்க்கக் குடும்பத்தோடு தங்கள் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். டிவியைப் போடவும்.