யார் வீட்டு அட்டை

குதிகாலில் ஆணி இறங்கியது போன்ற வலி. காலையில் முதல் நூறு அடி அவளுக்கு எப்போதும் இப்படித்தான். வண்டி உருண்டு உடம்பு சூடான பிறகுதான் கால் சொன்ன பேச்சைக் கேட்கும். அன்றைக்கு அந்த நூறு அடிக்குள்ளேயே பதினோராம் எண் வீட்டு மருமகள், கதவுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் நீட்டி, நாலாய் மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

"அக்கா, இத எங்க வீட்டுக் குப்பையோட சேக்காதீங்க. உங்க கால்ல விழுறேன்."

"என் காலு என்னையே தாங்கல, நீ வேற விழாத. என்னது இது?"

"மாத்திரை அட்டைக்கா. காலி அட்டை."

விசில் ஊதி வீடு வீடாகக் குப்பை வாங்குகிறவள் என்பதால் தெருவுக்கு அவள் விசிலக்கா. சொந்தப் பெயர் வேண்டுமென்றால் சம்பளப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும். யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் பாட்டில், யார் வீட்டில் நேற்றுச் சமைக்கவே இல்லை, எல்லாம் அவள் கூடைக்கு வரும். வாய்க்கு வராது. அதனால்தான் மருமகள் அவளை நம்பினாள்.

மருமகளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் நாலு நாள் இழுத்துக்கொண்டு கிடந்தாள். இன்னொன்று என்றால் ஆள் மிஞ்சுவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். புருஷன் லாரி ஓட்டுகிறவன். இருபது நாள் ரோட்டில், பத்து நாள் வீட்டில். அந்தப் பத்து நாளும் ஒரே பாட்டு: "ஒரே ஒரு பையன். அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்." டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னால், "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்பான். அவனுக்குத் தெரியாமல் மருமகள் சுகாதார நிலையத்து நர்ஸம்மாவிடம் கருத்தடை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அட்டைய இத்தனை நாள் காய்கறித் தோலுக்கு அடியில ஒளிச்சுப் போட்டுட்டிருந்தேங்க்கா. நேத்து பாக்கறேன், மாமியார் குச்சிய வச்சுத் தொட்டியக் கிளறிட்டிருக்காங்க. கண்ணுல பட்டா உடனே மகனுக்குப் போன் பண்ணிடுவாங்க."

மாமியாரை விசிலக்காவுக்குத் தெரியும். அந்த அம்மா வாசலுக்கு வந்து நின்றால் படுத்திருக்கும் தெருநாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

"குடு" என்று வாங்கிச் சீருடைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

வழக்கமான வாரமாக இருந்தால் கதை இதோடு முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரம்தான் சூப்பர்வைசர் புதுச் சட்டம் கொண்டுவந்தார். வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு பின்னாலேயே வருவதால் அவருக்கு மைக் சார் என்று பெயர்.

"ஜனத்தொகை பெருகுது! குப்பை பெருகுது! பூமி தாங்காது! அளவாப் பெத்துக்கோங்க, பிரிச்சுப் போடுங்க! ஊசி, மருந்து, மாத்திரை அட்டை எல்லாம் இனிமே சிவப்புப் பை! பையில வீட்டு எண்! எண் இல்லாத பை வந்தா வண்டிக்காரிக்கு ஒரு வாரம் வேலை கிடையாது!"

பூமிக்கு எது பாரம் என்று விசிலக்காவின் தோளைக் கேட்டால் அது வேறு கணக்குச் சொல்லும். கடைசி ஒற்றையறை வீட்டில் ஒன்பது பேர். அரை வாளிக் குப்பை. முனை மாடி வீட்டில் புருஷன், பெண்டாட்டி, ஒரு பூனை; அவர்கள் பிரித்துப் போடும் பார்சல் பெட்டிக்கே வண்டி இரண்டு நடை. ஆனால் தோளை யாரும் கேட்பதில்லை.

இப்போது கோட்டுப் பையில் இருக்கும் அட்டைக்கு ஒரு வீடு வேண்டும். யோசித்து, பதினாலாம் எண் ஹெட்மாஸ்டரின் சிவப்புப் பையில் அதைச் செருகினாள். எழுபத்து நாலு வயது, பெண்டாட்டி போய்ப் பத்து வருஷம். அவர் பையில் வாரம் பத்து அட்டை வரும். பத்தோடு பதினொன்று.

மைக் சார் பத்தையும் விட்டுவிட்டுப் பதினோராவதைக் கையில் எடுத்தார். இரண்டு விரலால் வாலைப் பிடித்த எலி மாதிரி தூக்கிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"சார், இது… உங்களுதா?"

ஹெட்மாஸ்டருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் நிற்பது ஆளா தூணா என்றே தெரியாது. அட்டை என்பது மட்டும் தெரிந்தது.

"என்னுதுதான்! தினம் ஒண்ணு, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம். நாலு வருஷமாப் போடறேன், ஒரு பிரச்சினையும் இல்ல. நீங்களும் போடலாம், உங்க வயசுக்கு இப்பவே ஆரம்பிச்சுடணும்."

"நல்லதுங்க சார்" என்று மைக் சார் பின்வாங்கியபடியே வெளியே வந்தார்.

தெரு ஒரு நாள் சிரித்தது. மறுநாள் ஹெட்மாஸ்டரின் மகள் வந்து இறங்கினாள். அப்பாவை ஒன்றும் கேட்கவில்லை. சமையல்காரம்மாவைத்தான் வேலையை விட்டு நிறுத்தினாள். ஐம்பது வயது அம்மா, தெருமுனையில் நின்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. விசிலக்காவுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நேராக மைக் சாரிடம் போனாள்.

"சார், பை மாறிடுச்சு. அது பதினாலு இல்ல."

"அப்ப எந்த வீடு?"

"ஒன்பது" என்று வாயில் வந்துவிட்டது. ஒன்பதில் இருப்பது கல்யாணமாகி ஏழு மாசமான ஜோடி. அவர்கள் போடாமல் வேறு யார் போடுவார்கள் என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

சமையல்காரம்மாவுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அடுத்த மாதம் மருமகள் இரண்டாவது பொட்டலத்தோடு வந்தாள். முகம் பாதியாகியிருந்தது.

"தண்ணி வாளியத் தூக்கினா மாமியார் என் கையிலேருந்து பிடுங்கிடறாங்கக்கா. என் வயித்தையே பாக்கறாங்க. பேரன் வந்துட்டான்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்க போல."

"பாத்தா பாக்கட்டும். பாக்கறதுனால வயிறு வந்துடாது."

அன்றைக்கே மாமியார் விசிலக்காவை வழிமறித்தாள். "எங்க வீட்டுக் குப்பையில மாத்திரை அட்டை ஏதாச்சும் வந்துதா?"

"இல்லீங்கம்மா."

"நல்லாப் பாத்தியா?"

"சத்தியமா இல்லம்மா."

அந்த முகம் இன்னும் இறுகியது. விருட்டென்று உள்ளே போய்விட்டாள். விசிலக்கா கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். மைக் சாரிடம் சொன்ன பொய்க்கு ஒரு சாட்சியாவது இருக்கட்டும் என்று இரண்டாவது அட்டையை ஒன்பதாம் எண் பையிலேயே போட்டாள்.

மைக் சார் கடமை தவறாதவர். அட்டையைக் கொண்டுபோய் ஒன்பதாம் எண் வாசலில் காட்டினார்.

"எனக்குத் தெரியாம மாத்திரை போடறியா நீ?" என்றான் புருஷன்.

"நான் எங்க போட்டேன்? நான் வேலைக்குப் போன நேரத்துல எவ வந்தா இங்க?" என்றாள் பெண்டாட்டி.

மறுநாள் காலையில் ஒன்பதாம் எண்ணிலிருந்து இரண்டு வாளி பீங்கான் துண்டு வந்தது. கல்யாணப் பரிசாக வந்த சாப்பாட்டுத் தட்டுகள், ஆறு பெரிசு, ஆறு சிறிசு. அள்ளும்போது விசிலக்காவின் கட்டைவிரல் கிழிந்தது. பெண் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேணும் எனக்கு என்று விரலை வாயில் வைத்துக்கொண்டாள் விசிலக்கா.

அடுத்த மாதம் வந்த மூன்றாவது அட்டையை எந்தப் பையிலும் போட அவளுக்குக் கை வரவில்லை. கோட்டிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். தெரு நடுவில் கைக்குட்டையை உருவியபோது அட்டை மைக் சாரின் செருப்பின் மேல் போய் விழுந்தது.

"மறுபடியுமா! யாருது இது?" ஒலிபெருக்கியை அணைக்க மறந்துவிட்டார். கேள்வி தெரு முழுக்கப் போனது. ஹெட்மாஸ்டர் வந்தார். ஒன்பதாம் எண் புருஷன் சவரம் செய்யாத முகத்தோடு வந்தான். பதினோராம் எண் வாசலில் மாமியார் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் மருமகளின் முகம் வெளுத்துத் தெரிந்தது.

"என்னுது" என்று குனிந்து அதை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள் விசிலக்கா.

"உனக்கா? இந்த வயசுலயா?"

"நாப்பத்தாறுதான் சார் ஆகுது. உங்களுக்கு எத்தனை? நீங்க நிறுத்திட்டீங்களா?"

அதுவும் ஒலிபெருக்கியில் போனது. தெரு விழுந்து விழுந்து சிரித்தது. "போன ரெண்டும் என்னுதுதான், பை மாறிடுச்சு" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒன்பதாம் எண் புருஷன் பெண்டாட்டியைக் கூட்டிவர வண்டியைக் கிளப்பிவிட்டான்.

ஒரே வார்த்தையில் எல்லாம் நேராகிவிட்டது என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. ஒன்றை மட்டும் மறந்துவிட்டாள். அவள் புருஷன் பதினாறு வருஷத்துக்கு முன்னாலேயே குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவன்.

வீட்டுக்குப் போனால் அவன் பகலிலேயே வந்து உட்கார்ந்திருந்தான். டைல்ஸ் ஒட்டுகிற வேலை. சிமெண்டுப் பால் முழங்கால் வரை காய்ந்து வெளுத்திருந்தது. இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்தவனே இல்லை.

"மாத்திரை போடறியாமே?"

இருபத்து நாலு வருஷ வாழ்க்கை குப்பையோடு போயிற்று என்று நினைத்தாள்.

"அந்தக் கட்டு அவுந்துபோச்சுன்னு உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

"எந்தக் கட்டு?"

"எனக்குப் போட்ட கட்டுதான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போய் மறுபடி கட்டிட்டு வந்திருக்க மாட்டேனா? அரை நாள் வேலை. நீ எதுக்குத் தனியாக் கெடந்து மருந்து தின்னணும்?"

அவனுக்குச் சந்தேகம் வந்திருந்தது. அவள் மேல் இல்லை, டாக்டர் போட்ட முடிச்சின் மேல். விசிலக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, சிமெண்டு முழங்காலில் முகத்தை வைத்து முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

"கட்டு ஒழுங்காத்தான்யா இருக்கு. அட்டை என்னுது இல்ல. யாருதுன்னு மட்டும் கேக்காத."

"கேக்கல. ஆனா ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன?"

"நேரா நர்ஸம்மாகிட்ட போயி, பதினாறு வருஷக் கட்டு அவுருமான்னு கேட்டுட்டேன். அங்க பெஞ்சுல நாலு ஆம்பளைங்க அதே ஆபரேஷனுக்குப் பேரு குடுக்க உக்காந்திருந்தாங்க. நான் திரும்பிப் பாக்கறேன், பெஞ்சு காலி."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நர்ஸம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"நாப்பது பொம்பளைக்கு ஒரு ஆம்பளைதான் வரான்! வருஷம் பூராப் பேசி நாலு பேரக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சேன்! ஒரே கேள்வியில ஓட விட்டுட்டீங்களே! அவங்க பொண்டாட்டிங்க என் வாசல்ல நின்னு கண்ணக் கசக்கறாங்க!"

புருஷன் தலையைச் சொறிந்தான். "எனக்கு டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் குடுங்கம்மா. நானே கையில எடுத்துட்டுப் போய்க் காட்டி, நாலு பேரையும் கூட்டிட்டு வரேன்."

சொன்னபடியே செய்தான். கட்டு கல் மாதிரி இருந்தது. ரிப்போர்ட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, வேலை நடக்கும் இடத்திலும் டீக்கடையிலும் தெருவிலும் பள்ளிக்கூடத்துப் பரிசுச் சான்றிதழ் மாதிரி காட்டினான். நாலு பேரும் திரும்பி வந்தார்கள். ஐந்தாவதாக ஒருவன் தானாகவே வந்தான்.

ஆனால் கட்டு உறுதி என்றால் மாத்திரை எதற்கு? கேள்வி மறுபடி தெருவுக்கு வந்துவிட்டது. "உண்மையச் சொல்லு, நாளைக்கு வீடு வீடா விசாரிக்கப் போறேன்" என்றார் மைக் சார். விசாரித்தால் பதினொன்றுக்கும் போவார். மாமியார் காதில் விழும், அங்கிருந்து லாரிக்குப் போகும். அந்தப் பெண்ணுக்கு இருக்கும் ஒரே வேலியும் போய்விடும். ஒரு எச்சரிக்கையாவது சொல்லிவிடலாம் என்று விசிலக்கா விடிந்ததும் விசில் ஊதாமல் பதினோராம் எண் கதவைத் தட்டினாள்.

திறந்தது மாமியார்.

"அவ குளிக்கறா. என்ன வேணும்?"

"ஒண்ணுமில்லம்மா. குப்பை…"

"உன் புருஷன் ரிப்போர்ட்டத் தெருவே பாத்தாச்சு. அந்த அட்டை உன்னுது இல்லன்னும் ஆச்சு. எங்க அது?"

"தூக்கிப் போட்டுட்டேம்மா."

"கோட்டுப் பையப் பொத்திக்கிட்டு நிக்கற. எடு."

விசிலக்கா பைக்குள் கையை விட்டுக் காலி அட்டையை எடுத்தாள். மாமியார் அதைப் பிடுங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டினாள். ஒவ்வொரு குழியிலும் விரல் நுனியை வைத்து, உதடு மட்டும் அசைய எண்ணினாள். இருபத்தெட்டு. சரியாக இருக்கிறதா என்று மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

எண்ணி முடித்ததும் அந்தப் பெரிய உடம்பு மூச்சை விட்டுத் தளர்ந்தது. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மாமியார் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"ஒரு நாள் கூட விடாமப் போட்டிருக்கா என் தங்கம், காலி அட்டையத் தொட்டியில பாத்தாத்தான் எனக்கு அந்த மாசம் சோறு இறங்கும், நீ எடுத்துட்டுப் போனதுல மூணு மாசமா வாளியக் கூட அவளத் தூக்க விடாம செத்துட்டிருக்கேன்டி, இன்னும் ரெண்டு அட்டை நீ எனக்குத் தரணும்."