முதலில் நன்றியுரை

லண்டனில் தமிழ்ச் சங்கங்களை உடைத்தவர்கள் பலர். ஆனால் ஒரு மண்டபம் நிறைந்த சனத்தை ஒரே சொல்லால் கலைக்கக்கூடியவர் ஒருவர்தான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஈஸ்ட் ஹாம் முழுக்க அவர் 'நன்றியுரை அண்ணை'.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நான் எங்கள் ஊர்ச் சங்கத்தின் செயலாளர். விரும்பி எடுத்த பதவி இல்லை. நான் கூட்டத்துக்குப் போகாத ஒரு நாள் பார்த்துத் தெரிவு செய்துவிட்டார்கள். கதிரை அடுக்குவதும் பேச்சு வாங்குவதும்தான் வேலை.

எங்கள் விழாக்களின் இலட்சணத்தையும் சொல்ல வேண்டும். அழைப்பிதழில் 'சரியாக இரண்டு மணிக்கு' என்று போடுவோம். சனம் நாலு மணிக்கு வரும். குத்துவிளக்கில் ஐந்து திரி, ஏற்றுவதற்குப் பதினொரு பேர். ஒருவரை விட்டாலும் அவர் போய்ப் புதுச் சங்கம் தொடங்கிவிடுவார். அப்படித்தான் எங்கள் ஊருக்கு லண்டனில் மூன்று சங்கங்கள். ஊரில் பஸ் நிற்பதே ஒரு இடத்தில்தான்.

எல்லாம் முடிந்து கடைசியில் நன்றியுரை. அந்தச் சொல் காதில் விழுந்ததும் எங்கள் ஆட்கள் எழும்பிவிடுவார்கள். பிள்ளையை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மண்டபத்தின் பின்னால் ரோல்ஸும் வடையும் வைத்திருக்கும் தட்டுக்கு நடப்பார்கள். ஆகவே அண்ணை பேசியதெல்லாம் வெறும் கதிரைகளுக்குத்தான். அதற்காக அவர் ஒரு வரியைக்கூடக் குறைத்ததில்லை. கோட்டுப் பையிலிருந்து நாலாய் மடித்த தாள்களை எடுப்பார். பூக் கட்டியவர், மைக் தந்தவர் என்று தொடங்குவார். அதோடு நின்றால் பரவாயில்லை. பிறகு ஹீத்ரோவுக்குப் போய் முதல் ஆளை ஏற்றி வந்தவர், மிச்சம் என்ற பகுதியில் ஓர் அறைக்குள் ஒன்பது பேரைப் படுக்க விட்டவர், முதல் பனிக்குத் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்தவர், ஆங்கிலம் தெரியாதவர்களுக்காக கவுன்சிலில் நாள் முழுக்கக் கியூவில் நின்றவர். குறைந்தது நாற்பது நிமிஷம்.

எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஒரு நாள் நேரே கேட்டேன்.

"அண்ணை, ஒருத்தரும் கேக்கேல்லை. ஆருக்கு வாசிக்கிறியள்?"

"தம்பி, இது ஒரு இடத்திலயும் எழுதி இல்லை. நான் விட்டால் அவை இந்த நாட்டுக்கே வராத ஆக்களாய்ப் போயிடுவினம்."

"ரெண்டு பக்கத்தையாவது விடுங்கோவன்."

"ஆரை விடுறது? நீரே சொல்லும்."

நான் ஒருவர் பெயரைச் சொன்னேன். அவர்தான் தன்னை ஹீத்ரோவில் இருந்து கூட்டி வந்தவர் என்றார். 

எங்களுக்கு மண்டபம் தந்தது ஒரு பள்ளிக்கூடம். ஆறு மணிக்குப் பூட்ட வேண்டும். பூட்டும் கெயார்டேக்கர் மத்திய அமெரிக்காவின் பெலிஸ் நாட்டவர், கரிஃபூனா என்ற இனம். லண்டனில் அவருடைய ஆட்களை ஒரு கைவிரலுக்குள் எண்ணிவிடலாம். ஞாயிறு மாலை ஏழு மணிக்கு யாராவது ஒருவர் வீட்டில் கூடி மேளம் அடித்துப் பாடுவார்களாம். எங்கள் விழா நடந்த ஞாயிறெல்லாம் அவர் அதைத் தவறவிட்டார். இதையெல்லாம் அவரிடம் கேட்டு அறிந்தவர் அண்ணை ஒருவர்தான். நாங்கள் 'இன்னும் அஞ்சு நிமிஷம்' என்பதைத் தவிர அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

கடைசியில் பள்ளிக்கூடம் கடிதம் போட்டது. இன்னொரு தரம் ஆறு மணி தாண்டினால் மண்டபம் இல்லை, சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குத் தந்த அறைகளும் இல்லை. என் மகள் அங்கேதான் படித்தாள். அந்த வகுப்பு போனால் அவள் என்னோடு பேச மொழிபெயர்ப்பாளர் பிடிக்க வேண்டி வரும்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நன்றியுரையை முதலில் வைப்போம். மற்றவர்கள் காத்திருந்தால் அண்ணை சுருக்குவார். கமிட்டி கைதட்டியது. அந்தக் கமிட்டி ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தது அன்றைக்குத்தான்.

விழா நாள் நாலு மணிக்கு விளக்கேற்றி முடித்து, நான் மைக்கில் சொன்னேன். "இப்பொழுது நன்றியுரை."

முழு மண்டபமும் எழும்பியது.

சனம் ரோல்ஸ் தட்டுக்கு வரிசை கட்டியது. சலங்கை கட்டிய பரதநாட்டியப் பிள்ளைகளும் வரிசையில். "இருங்கோ, இது கடைசி இல்லை, இனித்தான் நிகழ்ச்சி" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை. ஒரு பெரியவர் வடைப் பார்சலோடு வந்து என் தோளில் தட்டினார்.

"தம்பி, இண்டைக்குத்தான் விழா திறம். சுருக்கமாய் முடிச்சிட்டியள்."

மேடையில் அண்ணை, சிறப்பாக உரையாற்றிய பிரதம விருந்தினருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். உரையாற்றாத பிரதம விருந்தினர் இருபது பக்கப் பேச்சை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். அடுத்த மாதம் நாலாவது சங்கத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

கடைசித் தாளில் கெயார்டேக்கர். இருநூறு வருஷத்துக்கு முன் பிரிட்டிஷ்காரன் கப்பலில் ஏற்றிக் கரீபியக் கடலில் இருந்த சொந்தத் தீவிலிருந்து கலைத்த சனம், எங்களைப் போல இதே நகரத்தில் அறை தேடி அலையும் சனம் என்று அண்ணை வாசித்தார். மூலையில் தும்புத்தடியால் கூட்டிக்கொண்டிருந்த அந்த மனிதர் 'கரிஃபூனா' என்ற சொல் கேட்டு நிமிர்ந்தார். என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அண்ணை முடிக்கும்வரை நின்று கேட்டார். ஒரு தமிழன்கூடச் செய்யாத வேலை.

ஐந்தரைக்கு மண்டபம் காலி. கெயார்டேக்கர் எங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்துக்கு நல்லபடியாக எழுதிக் கொடுத்தார். வகுப்பு தப்பியது. அன்றைக்கு மேளத்துக்கும் நேரத்தோடு போய்ச் சேர்ந்தாராம்.

சில வருஷங்களில் அண்ணையை மகள் ரொறன்ரோவுக்குக் கூப்பிட்டாள். அதே மண்டபத்தில் பிரியாவிடை வைத்தோம். பழக்க தோஷத்தில் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரியில் நன்றியுரைக்கு அவர் பெயரையே அச்சடித்துவிட்டோம். அவரும் எழும்பினார். தாளை விரித்தார். முதல் வரியைப் பார்த்தார். திரும்ப நாலாய் மடித்து என் கையில் தந்துவிட்டுப் போய்க் கதிரையில் இருந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். தாளை வாசிக்க எனக்கும் ஏலவில்லை.

"அண்ணை, நன்றி" என்றேன்.

கதிரைச் சத்தத்துக்குக் காத்திருந்தேன். ஆறு மணி தாண்டிவிட்டது. கெயார்டேக்கர் சாவிக்கொத்தைப் பையில் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் வந்து இருந்தார். ரோல்ஸ் எல்லாம் தட்டில் அப்படியே கிடந்தது. ஒருவரும் எழும்பவில்லை.