ஆடிட்டர் மட்டும் மிச்சம்

முதலில் காணாமல் போனது கேஷியர்.

வேலை பார்த்த காலம் முழுவதையும் ஒரு வங்கியின் பெட்டக அறையிலேயே கழித்து ஓய்வுபெற்றவர் லாக்கர் சார். கேஷியர் காணாமல் போவதெல்லாம் அவருக்குக் கேள்விப்படாத விஷயமல்ல. ஆனால் இந்தக் கேஷியருக்குப் பழுப்பு நிறம், மஞ்சள் மூக்கு. அன்றாடம் ஒரு முட்டை போடும்.

கொல்லையில் மொத்தம் நான்கு கோழிகள். மேனேஜர், கேஷியர், கிளார்க், ஆடிட்டர். பெயர் வைத்தது அவர் மனைவி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவர் தன் வங்கியில் அந்தப் பதவிகளில் இருந்த நால்வரையும் திட்டுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போய், "திட்டறதை நேர்லயே திட்டிடுங்க" என்று நான்கு குஞ்சுகளை வாங்கி வந்துவிட்டார். போன மழைக்காலத்தில் மனைவி போய்ச் சேர்ந்தார். அதன்பிறகு அந்த வீட்டில் குரல் என்று இருந்தவை கோழிகள், ஒரு பழைய ஃப்ரிட்ஜ், ஞாயிற்றுக்கிழமை போனில் மகள். இவற்றில் ஃப்ரிட்ஜ்தான் நின்று நிதானமாகப் பேசும்.

மத்தியானத் தூக்கம் கலைந்து கொல்லைக்குப் போனபோது கேஷியர் இல்லை. ரத்தம் இல்லை, ஒரு இறகுகூட இல்லை. லாக்கர் சார் சட்டையை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு கேட்டைத் தட்டினார்.

அங்கே இருந்தவர் டெய்லரம்மா. அவரும் தனி ஆள்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். இத்தனை வருஷத்தில் அந்த மதிலைத் தாண்டிப் போன பேச்சு "குப்பை வண்டி வந்துடுச்சா?" என்பது மட்டுமே.

"எங்க கேஷியரைப் பார்த்தீங்களா?"

"யாரு, பேங்க்காரரா? வயசானவரா?"

"கோழிங்க."

டெய்லரம்மா சிரித்துவிட்டார். துக்கம் விசாரிக்கவேண்டிய இடத்தில் சிரித்துவிட்டோமே என்று வாயைப் பொத்திக்கொண்டார். கேட்டைப் பிடித்தபடி நிறைய நேரம் பேசினார். ரெடிமேட் வந்தபிறகு யாரும் துணி தைக்கக் கொடுப்பதில்லை, நாள் முழுக்க மெஷினுக்குத் துணி போட்டு மூடியே வைத்திருப்பதாகச் சொன்னார். கடைசியில்தான் கோழி ஞாபகம் வந்தது.

"பூனையா இருக்கும் சார். கூண்டு ஒண்ணு கட்டிடுங்க."

வலை வாங்கப் போன இடத்தில் ஹார்டுவேர் கடைக்காரருக்கு அதில் உடன்பாடில்லை. "பூனைன்னா இறகு கிடக்கும் சார். இவ்வளவு சுத்தமா வேலை பார்த்திருக்குன்னா, இது கீரி."

"கீரி இறகை என்ன பண்ணும்?"

"அது அதோட இஷ்டம். நீங்க வலையைப் பாருங்க. ரெண்டு அடுக்கு போட்டுட்டீங்கன்னா கொசுகூட நின்னு யோசிச்சுட்டுத்தான் உள்ள போகும்."

லாக்கர் சார் கொசு யோசிக்கும் வலையை வாங்கிவந்தார். மரச்சட்டம் அறைந்தார். பாதி ஆணி சட்டத்திலும் மீதி அவர் கட்டைவிரலிலும் இறங்கின. கூண்டு எழுந்து நின்றது. சற்றே இடப்பக்கம் சாய்ந்து, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்க்கிற தோரணையில் இருந்தது.

சில நாளில் கிளார்க்கைக் காணோம். கதவு மூடியபடி இருந்தது, வலையில் ஓட்டை இல்லை.

இந்த முறை டெய்லரம்மா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "அடப் பாவமே! அதுக்குள்ள ரெண்டாவதா?" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். லாக்கர் சாருக்கு நெஞ்சு கனிந்தது. மனைவி இறந்தபோதுகூட வந்தவர்கள் வாசலில் நின்றபடியே பஸ் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு கிளார்க்குக்காக இவர் இவ்வளவு வருந்துகிறாரே.

"மேல வலை, பக்கத்துல வலை. கீழ?" என்றார் ஹார்டுவேர் கடைக்காரர். "மண்ணு! தோண்டி வந்திருக்கு சார்."

"குழி இல்லையே."

"போகும்போது மூடிட்டுப் போயிருக்கும்."

தன் வேலைக்காலத்தில் இவ்வளவு ஒழுங்கான வாடிக்கையாளரை லாக்கர் சார் பார்த்ததில்லை. இருந்தாலும் கூண்டைச் சுற்றிக் கான்கிரீட் போடுவதென்று கடப்பாரையை எடுத்தார். மூன்றாவது குத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. கொல்லையின் நடுவில் ஆள் உயரத்துக்கு நீரூற்று எழும்பியது. மேனேஜர் பதறிக் கூரை ஏறியது. ஆடிட்டர் மட்டும் அருகில் வந்து, எங்கே தப்பு நடந்தது என்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

ஓடிவந்த பிளம்பர், "கோழிக்கு நீச்சல்குளமா சார்? சொல்லியிருந்தா ஷவரே வெச்சிருப்பேனே" என்றபடி குழாயை மாற்றினார். கான்கிரீட் காய்ந்தது. கூண்டை இனி அடியிலிருந்து யாரும் அசைக்க முடியாது.

அடுத்து மேனேஜர் போயிற்று. இந்த முறை கூண்டின் தாழ்ப்பாள் திறந்து கிடந்தது.

"மரநாய்" என்றார், பார்க்க வந்த வெல்டர். "அதுக்குக் கால் இல்ல சார், கை. தாழ்ப்பாளை நம்மள மாதிரியே இழுக்கும்."

போனில் மகள் அதை நம்பவில்லை.

"அப்பா, மரநாயெல்லாம் இருக்கட்டும். தாழ்ப்பாள் போட்டீங்களா?"

"போட்டேம்மா."

"போட்டது ஞாபகம் இருக்கா? இல்ல, போட்டிருப்போம்னு நினைக்கிறீங்களா?"

ஃப்ரிட்ஜ் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டது.

"அன்னிக்கு அடுப்பை அணைச்சேனான்னு என்கிட்டயே போன் பண்ணிக் கேட்டீங்க. இங்கிருந்து எனக்கு எப்படிப்பா தெரியும்? லீவு போட்டுட்டு வர்றேன். நான் வர்றப்போ அந்த ஒரு கோழியாவது உயிரோட இருக்கணும். இல்லேன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட கிளம்பறீங்க. ஒரு கோழியையே பார்த்துக்க முடியலேன்னா, உங்களை யார்ப்பா பார்த்துப்பாங்க?"

மகளின் அடுக்குமாடி வீட்டுக்கு அவர் ஒருமுறை போயிருக்கிறார். எல்லாரும் நல்லவர்கள், எல்லாரும் வேலைக்குப் போய்விடுவார்கள். பகல் முழுக்க அவரிடம் பேசியது லிஃப்ட் மட்டும்தான். அதுவும் மாடி எண்ணைத் தவிர வேறெதுவும் பேசாது.

போனை வைத்துவிட்டுக் கூண்டின் முன் நின்று தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அன்றைக்கு மத்தியானம் இதே கை இதே இரும்பைத் தொட்டதா இல்லையா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. கீரிக்கு வலை இருக்கிறது, மரநாய்க்கு வெல்டர் இருக்கிறார். தன் தலைக்குள் பொந்து விழுந்திருந்தால் அதற்கு எந்தக் கடையில் என்ன வாங்குவது?

அப்போதுதான் பழைய தொழில் கைகொடுத்தது. பெட்டக அறையை எவ்வளவு யோக்கியனானாலும் ஒற்றை ஆள் திறக்கக்கூடாது. இரண்டு பூட்டு, இரண்டு சாவி, இரண்டு பேர். ஒருவர் மறந்தால் மற்றவருக்கு ஞாபகம் இருக்கும். ஒருவருக்குக் கை நீண்டால் மற்றவர் தடுப்பார். அந்த விதியின் நிழலில்தான் அவர் இத்தனை காலம் நிம்மதியாகத் தூங்கினார்.

வெல்டர் இரும்புக் கதவு மாட்டினார். இழுத்துவிட்டால் தானே பூட்டிக்கொள்ளும் இரண்டு பூட்டுகள், வெளியிலிருந்து மட்டும் சாவித் துவாரம். இரண்டாவது சாவியோடு லாக்கர் சார் பக்கத்து வீட்டுக்குப் போனார். இந்த முறை உள்ளேயே கூப்பிட்டு டீ கொடுத்தார் டெய்லரம்மா. மாடியில் ஆளில்லாமலே தையல் மெஷின் மோட்டாரில் கடகடவென்று ஓடும் சத்தம் கேட்டது. ஆர்டர் கிடைத்துவிட்டது போலிருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார்.

"உங்ககிட்ட ஒரு சாவி இருக்கணும்."

டெய்லரம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "எந்தச் சாவி சார்?"

"கூண்டுச் சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு உங்ககிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்துதான் திறக்கணும், சேர்ந்து நின்னுதான் பூட்டணும். காலையில ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம்."

"தினமுமா?"

"தொந்தரவுதான். விதி அப்படி."

"விதின்னா ஒண்ணும் பண்ண முடியாதுல்ல" என்று டெய்லரம்மா சாவியை வாங்கி, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

அதன்பிறகு ஒரு இறகு குறையவில்லை. காலையில் அவர் மேல்பூட்டைத் திறப்பார், டெய்லரம்மா கீழ்ப்பூட்டைத் திறப்பார். நடந்து வெளியே வரும் ஆடிட்டர் இருவரையும் ஒற்றைக் கண்ணால் பார்க்கும், குறை எதுவும் சொல்லாது. பூட்டுத் திறப்பது கண்சிமிட்டும் வேலை. பேச்சுதான் வெயில் ஏறும்வரை நீண்டது. லாக்கர் சார் தினமும் முகச்சவரம் செய்ய ஆரம்பித்தார். கோழிக்கு இதெல்லாம் தெரியாது என்று அவருக்கும் தெரியும்.

மகள் வருகிற நாளும் வந்தது. கூண்டைப் பளிச்சென்று காட்டவேண்டும் என்று சாயங்காலம் துடைப்பத்தோடு உள்ளே போனார். ஆடிட்டரும் கூடவே வந்தது. பின்னால் கதவு சாத்திக்கொண்டது. 'டக், டக்' என்று இரண்டு பூட்டும் விதிப்படி விழுந்தன.

வெளியே துவைக்கிற கல்லின்மேல் போன் அடித்தது, ஓய்ந்தது, மறுபடி அடித்தது. லாக்கர் சார் கான்கிரீட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஆடிட்டர் அவர் மடியைச் சோதித்துப் பார்த்துவிட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டது.

"சார்!" டெய்லரம்மா மூச்சிரைக்க வந்தார். "குழாய் ரிப்பேருக்கு ஆள் வந்திருக்கு, அதான் லேட்டு. உள்ள என்ன பண்றீங்க?"

"ஆய்வு."

"வெளிய வாங்க."

"என் சாவி சட்டைப்பையில இருக்கு."

"வலை வழியா நீட்டுங்க."

"கொசுவே யோசிக்கும்ங்க."

டெய்லரம்மா வெல்டரைக் கூட்டிவர ஓடினார். வெல்டர் வந்து நெருப்புப் பொறி பறக்க வலையை அறுத்துக்கொண்டிருந்தபோதுதான் மகள் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள். கையில் பெட்டி, காதில் இன்னும் போன். அவள் கண்டது: கூண்டுக்குள் அப்பா, மடியில் கோழி.

"அப்பா!"

"கோழி உயிரோட இருக்கு பாரும்மா. பூட்டு பிரமாதமா வேலை செய்யுது."

அறுத்த ஓட்டை வழியாக அவர் தவழ்ந்து வெளியே வந்தார். மகள் அவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தார், அவள் அழுதாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"மத்த மூணும் எப்படிப்பா போச்சு? நிஜத்தைச் சொல்லுங்க. தாழ்ப்பாளை மறந்துட்டீங்கதானே?"

லாக்கர் சார் கூண்டைப் பார்த்தார். இரண்டு அடுக்கு வலை, கான்கிரீட், இரும்புக் கதவு. எந்தப் பிராணியும் நுழைய வழியில்லாத இடத்தில் மிச்சமிருக்கிற ஒரே சந்தேக நபர் அவர்தான்.

"மறந்திருப்பேம்மா. நான்தான் மறந்திருப்பேன். பெட்டியை எடுத்து வைக்கறேன்."

ஆடிட்டரைத் தூக்கி டெய்லரம்மாவிடம் நீட்டினார். "இனிமே ரெண்டு சாவியும் நீங்களே வெச்சுக்குங்க. விதிக்கு விரோதம்தான். வேற வழியில்ல."

டெய்லரம்மா கோழியை வாங்கவில்லை. அளவு டேப்பின் முடிச்சை அவிழ்க்கப் போனவர், முடியாமல் அதையே நெருடிக்கொண்டிருந்தார். முகம் வெளிறிவிட்டது. "சார், நான் ஒண்ணு சொல்லணும்... அந்தத் தாழ்ப்பாள்..." என்று ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து டெய்லரம்மா வீட்டிலிருந்து பிளம்பர் வந்தார். கீழ்க் குழாய்க்கு வாஷர் மாற்றுவதற்காக மாடிக்குப் போய் வால்வை மூட முயன்றவர். சட்டை முழுக்க நனைந்திருந்தது. இரண்டு கையிலும் சிவப்புச் சிவப்பாகக் கொத்துக் காயம்.

"லாக்கர் சார், நீங்க எங்க வேணா கிளம்புங்க. ஆனா அதுக்கு முன்னாடி, இந்தம்மா மாடி பாத்ரூம்ல மெத்தை தெச்சுப் போட்டு வளர்க்கற உங்க மூணு கோழியையும் எடுத்துட்டுப் போயிடுங்க, அந்த மேனேஜர் என்னை வால்வுகிட்டயே விடமாட்டேங்குது!"