எதிர்த்து நின்றவரின் நோட்டு

இனிமேல் மனைவிக்குப் பயப்படுவதாக இல்லை என்று ஸ்டோர்கீப்பர் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை, சட்டைக்குப் பட்டன் போட்டுக்கொண்டிருந்தபோது. பதினாறு வருஷம் வாயைத் திறக்காமல் குடித்தனம் நடத்தியாயிற்று. இனி திறப்பார். ஆனால் ஆங்கிலத்தில்.

காரணம் இருந்தது. கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை காலி. வெளிநாட்டு ஆட்களோடு பேச வேண்டிய வேலை என்பதால், இன்டர்வியூவில் ஆங்கில மரபுத்தொடர்கள் கலந்து ஒரு கதை சொல்ல வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அதற்காக வாங்கிய புத்தகமோ, 'உங்கள் வாழ்க்கையையே கதையாக எழுதிப் பழகுங்கள், மறக்காது' என்றது. அவர் வாழ்க்கையில் இருந்தது ஒரே ஒரு கதை. அது சமையலறையில் நின்றுகொண்டிருந்தது.

எழுதினார் பாருங்கள்! 'ஸ்டாண்ட் அப் டு' என்றால் எதிர்த்து நிற்பது. முதல் கதையில் கணவன் எதிர்த்து நின்றான், மனைவி வெலவெலத்துப் போனாள். 'கிவ் இன்' என்றால் பணிந்துபோவது. இரண்டாம் கதையில் மனைவி பணிந்தாள். 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. இனி பொறுக்க மாட்டேன் என்று கணவன் போட்ட கூச்சலில், மூன்றாம் கதையில் மாமியாரே பெட்டியோடு பஸ் ஏறினார்.

நோட்டை அவர் ஒளிக்கக்கூட இல்லை. ஃபிரிட்ஜ் மேல் பகிரங்கமாக வைத்தார். ஆங்கிலத்தில் அவள் எழுத்துக் கூட்டி நாலு வார்த்தை படிப்பாள், அவ்வளவுதானே!

"என்னங்க, அதுல அப்படி என்னதான் எழுதுறீங்க?"

"ஆபீஸ் விஷயம். உனக்குப் புரியாது."

"மேல 'ஒய்ஃப்'னு போட்டிருக்கே?"

"அது... ஒரு மெஷினோட பேரு."

"சத்தம் போடுமா?"

"ஓயாம போடும்."

"சரி, சாப்பிட வாங்க."

மூன்று மாதம் ஓடியது. இன்டர்வியூவுக்கு முந்தின சாயங்காலம் நோட்டைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. பிழையெல்லாம் திருத்தி, பத்துக்கு நாலு மார்க். மாமியார் கதைக்கு முட்டை.

"யா... யாரு பண்ணின வேலை இது?"

"நான்தான்." அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "நீங்க ஆபீஸ் போனதும் உங்க புத்தகத்தை வச்சுக்கிட்டுப் படிச்சேன். முதல்ல ஒண்ணும் புரியல. ஆனா கதை என்னைப் பத்தினதாச்சே, யாருக்கு விட மனசு வரும்?"

"எல்லாமே படிச்சிட்டியா?"

"ரெண்டு தடவை. இன்னைக்குத்தான் உக்காந்து திருத்தினேன். இதைச் சொன்னா உங்களுக்கு வேலை கிடைக்காதுங்க, அத்தனை தப்பு. கடைசிப் பக்கத்துல நான் ஒண்ணு எழுதியிருக்கேன். மனப்பாடம் பண்ணிக்கோங்க."

அந்தக் கதையில் கணவன் தினமும் வீடு பெருக்கினான், மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தான், பாத்திரம் தேய்த்தான். இருபது தொடர்கள், ஒரு பிழை இல்லை. அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முடியவே முடியாது! நான் என் கதையைத்தான் சொல்வேன்!" என்று கர்ஜித்தார். கோபத்திலேயே அதை எட்டுத் தடவை படித்தார்.

மறுநாள் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தபோது வீராப்பு அப்படியே இருந்தது. கதைதான் வரவில்லை. முதல் வரி மறந்தது, பிறகு எல்லாமே மறந்தது. மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த ஆளைக் கூப்பிட அவர் மணியில் கை வைத்ததும், ஸ்டோர்கீப்பரின் வாயிலிருந்து பாத்திரம் தேய்க்கும் கதை கடகடவென்று கொட்டியது. மேனேஜர் எழுந்து கை கொடுத்தார்.

வீட்டு வாசலிலேயே அறிவித்தார்: "வேலை கிடைச்சாச்சு! ஆனா ஒண்ணு. கதை வேற, நான் வேற. இந்தக் கை பாத்திரம் தேய்க்கிற கை இல்ல!"

"தெரியுமே. ஆனா உங்க மேனேஜர் இப்பதான் போன் பண்ணினாரு. இப்படியும் ஒரு புருஷனான்னு அவங்க சம்சாரம் நம்பவே இல்லையாம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ரெண்டு பேரும் நேர்ல பார்க்க வராங்களாம். வாங்கன்னு சொல்லிட்டேன்."

புது சூப்பர்வைசர் அசையாமல் நின்றார். எதிர்த்துத்தான் நின்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலே நாள். அதற்குள் கை பழக வேண்டுமே! மெல்லச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"சோப்பு எங்க இருக்கு?"

"இங்கிலீஷ்ல கேளுங்க."