தலைக்கா, தாளிக்கவா, மிஷினுக்கா?

விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்துக்கொண்டு, எண்ணெய் வாங்க வந்தவர்களை விரட்டியடித்த ஒரே வியாபாரி கைமிஷின் அண்ணாச்சிதான். இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நாங்கள் அவர் கடைக்கு எதிர் வீட்டில் குடியிருந்தோம். யார் பாட்டிலை நீட்டினாலும் முதலில் விசாரணை உண்டு.

"தலைக்கா, தாளிக்கவா, மிஷினுக்கா?"

மிஷினுக்கு என்று வாய் தவறிச் சொன்னால் தொலைந்தது. சமையல் எண்ணெய் நாள்பட்டால் தையல் மிஷினுக்குள் பிசினாக இறுகிவிடும் என்று கால் மணி நேரம் பேசிவிட்டு, வெறும் பாட்டிலோடு அனுப்பிவைப்பார். எண்ணெய்க்குப் பஞ்சமில்லாத ஊர். எல்லோரும் அடுப்படிக் கரண்டியாலேயே மிஷினுக்கும் ஊற்றுவார்கள். இறுகியதைச் செத்துவிட்டதாக நினைத்துப் பழைய இரும்புக் கடையில் போடுவார்கள். அங்கிருந்து அண்ணாச்சி தூக்கி வருவார்.

மரப்பெட்டிக்குள் அடங்கும், கையால் சுற்றும் பழைய மிஷின் என்றால் அவருக்கு உயிர். வீட்டில் முப்பதுக்கு மேல் இருந்தன. ஒருநாள் அண்ணாச்சி சம்சாரம், எங்களுக்கு மதினி, அரிசி டின்னைத் திறந்தால், உள்ளே ஒரு மிஷின் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது.

"அரிசிய எங்க கொட்டுனீக?"

"இன்னும் ரெண்டே நாளு. அசைஞ்சு குடுத்துரும்" என்றார் அண்ணாச்சி.

தங்கப் பூவேலை போட்ட ஒரு மிஷினுக்கு மட்டும் ராணி என்று பெயர். குளித்துவிட்டுத்தான் அதைத் தொடுவார். அதற்குப் பொருத்தமான கைப்பிடி தேடி மூன்று வருஷம் சிவகாசி, சாத்தூர் இரும்புக் கடைகளையெல்லாம் சலித்து, கடைசியில் கண்டுபிடித்து மாட்டியவர்.

ஒரு தீபாவளி நெருக்கத்தில், சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் வாங்கிய மிஷின் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டருக்குச் சந்தேகம்.

"பெட்டியில வெடியா?"

"வெடி இல்ல. தொறந்து காட்டுதேன், உக்காருங்க."

திறந்தவர் மூடவேயில்லை. விருதுநகர் வந்தும் யாரும் இறங்கவில்லையாம். கண்டக்டர் தன் மாமியார் வீட்டு மிஷினுக்கு யோசனை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

இப்பேர்ப்பட்டவருக்கு எதிர் வீட்டில் இருந்துகொண்டுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் மனைவி கல்யாணத்துக்கு முன் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிச் சேர்த்த கூலியில் ஒரு கைமிஷின் வாங்கியிருந்தாள். பிள்ளைக்கு முதல் சட்டை அதில்தான் தைப்பேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். தலைப்பிரசவத்துக்கு வெம்பக்கோட்டைக்குப் போகும்போது, "மிஷினப் பத்திரமாப் பாத்துக்கோங்க" என்றாள். நானும் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமைதோறும் எனக்கு எண்ணெய்க் குளியல், மிஷினுக்கு இரண்டு கரண்டி நல்லெண்ணெய். அண்ணாச்சி கேட்டபோதெல்லாம் "தலைக்கு" என்றே சொன்னேன். முக்கால்வாசி உண்மைதான்.

ஆறு மாதம் கழித்து, பிள்ளையோடு வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. மிஷினைச் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. என் பலத்தைக் காட்டினேன். கைப்பிடி உடைந்து கையோடு வந்துவிட்டது.

துண்டைப் போட்டு மூடி, அண்ணாச்சியிடம் தூக்கிக்கொண்டு போனேன். குனிந்து மோந்து பார்த்தார்.

"தம்பி, தலைக்குன்னுல்ல வாங்குனீக?"

"மிச்சத்த இதுக்கு ஊத்திட்டேன், அண்ணாச்சி."

அவர் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"வீட்ல என்னைக்கு வாராக?"

"வெள்ளிக்கிழம."

"வியாழக்கிழம வந்து எடுத்துக்கோங்க."

வியாழக்கிழமை மிஷின் பூப்போலச் சுற்றியது. கைப்பிடி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். "கெடச்சது" என்றார். மறுநாள் என் மனைவி பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு மிஷினைச் சுற்றிப் பார்த்தாள்.

"முன்னைக்கு இப்ப லேசாச் சுத்துதே. என்ன செஞ்சீக?"

"எண்ணெய் போட்டேன்" என்றேன்.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அண்ணாச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். எல்லா மிஷினுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் ராணி. அதற்குக் கைப்பிடியைக் காணோம். கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு முழம் மல்லிகையைச் சுற்றி வைத்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, இப்படிச் செஞ்சுட்டீக?"

"விடுங்க தம்பி. இது இங்கன சும்மாதான இருக்கு. அங்கன பிள்ளைக்குச் சட்டை தைக்கணும்ல" என்றவர், பொரியை அள்ளி என் கையில் வைத்தார்.

என் மனைவிக்கு இது இன்றுவரை தெரியாது. இந்தப் பக்கத்தைப் படித்ததும் எனக்குக் கச்சேரி உண்டு. வாங்கிக்கொள்கிறேன். அதற்கப்புறம் மிஷினைச் சுற்றும்போதெல்லாம் அவளும் ஒரு நொடி அண்ணாச்சியை நினைத்துக்கொள்வாள். எனக்கு அது போதும்.